யமதா சானுக்கு வலிக்கிறதா

கோவிச்சுக்காதீங்க சென்செய் மேடம், நான் இப்படி ஓரமாகவே உட்கார்ந்துக்கிறேன். அந்த நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது, மடியில் பாப்பா வேற, நகர்ந்துவிட்டால் பயம். இந்த ஸ்டூல் போதும். சென்செய் என்று சொன்னால் மேடம் சேர்க்கக் கூடாதாமே? பஸ்ஸிலேயே நிரோஷா சொல்லிச் சொல்லிக் கூட்டிவந்தாள். ‘டீச்சருக்குச் சென்செய்ங்கிறதே மரியாதைதான், அதுக்கு மேல மேடமும் போட்டா சிரிப்பாங்க’ என்றாள். சிரித்தால் சிரிங்க. மரியாதை கொஞ்சம் கூடிப் போனால் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

அவளை ஏன் கீழேயே இருக்கச் சொல்லிவிட்டீங்க? ஜூஸ் கடையில் அவங்க அண்ணனோடு உட்கார்ந்து நகம் கடிக்கிறாள். அவங்க அண்ணன் என்றால் எங்க வீட்டுக்காரர்தான். ஜப்பானில் வயசானவங்களைப் பார்த்துக்கிற வேலைக்குப் போகிறவள் அவள், பேட்டி அவளுக்கு. கேள்வி மட்டும் எனக்காம். வேலை கொடுக்கிற ஜப்பான் அம்மா என்னோடு தனியாகப் பேசணுமாம். நான் ஏழாவதோடு நின்றவள் சென்செய். எங்க ஊர் ரேஷன் கடைக்காரர் கார்டு நம்பர் கேட்டாலே எனக்கு வாய் குழறும்.

நாலு மணிக்குத்தானே அவங்க போன் பண்ணுவாங்க? அதுக்குள்ளே நான் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வீடியோவில் நடந்த பேட்டியில் நீங்களும் அந்தப் பக்கம் இருந்தீங்க, எல்லாத்தையும் பார்த்தீங்க. இருந்தாலும் நீங்க பார்த்தது போன் காட்டின அளவுதான். போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்திருந்தோம். அதில் கட்டிலும் நிரோஷாவும் நானும்தான் தெரிவோம். அந்த டப்பாவுக்குப் பின்னாலே ஒரு வீடு இருக்கிறதே, அது தெரியாது.

வீட்டில் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘அன்னைக்கு எனக்கு வலிக்கவே இல்லை, பயத்துல நடிச்சிட்டேன், தைஜோபு தெஸ்’ என்று ஜப்பான் அம்மாவிடம் சொல்லணும். தைஜோபு என்றால் பரவாயில்லை, நல்லா இருக்கேன். அப்படிச் சொன்னால் நிரோஷாவுக்கு வேலை. சொல்லாவிட்டால் அவள் படித்ததெல்லாம் வீண். மாமியார் இந்தப் புடவையைக்கூட எடுத்துக் கொடுத்தாங்க, பாருங்க. கட்டிக்கோ என்று தூக்கிப் போட்டாங்க. போட்டது போட்டதுதான், ஆனாலும் அவங்க நல்ல புடவை.

நிரோஷா என் நாத்தனார். என்னைவிட ஒரு வயசு மூத்தவள். அதனாலே அண்ணி என்று கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. பச்சையம்மா என்று பேர் சொல்லவும் ஒரு மாதிரி. கல்யாணமாகி நான் வந்ததிலிருந்து என்னை ‘இந்தா’ என்பாள். ‘இந்தா, தண்ணி.’ ‘இந்தா, என் சுடிதார் காஞ்சுதா பாரு.’ கெட்டவள் என்று சொல்லமாட்டேன். எங்க வீட்டில் எல்லாரும் அப்படித்தான். கூப்பிட்டால் நான் போகணும், அவ்வளவுதான், என்ன சொல்லிக் கூப்பிட்டால் என்ன?

நர்ஸ் படிப்பு முடித்து உங்க வகுப்பில் சேர்ந்தாளா, அன்றிலிருந்து வீடே ஜப்பானாகிவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போதே ஒஹாயோ கொசாய்மாஸ். சாப்பிட உட்கார்ந்தால் கையைக் கூப்பி இதாதாகிமாஸ். வெளியே கிளம்பினால் இத்தேகிமாஸ். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. பால்காரரிடம், ‘என்னா ஏகாம்பரம், ஒஹாயோ’ என்பாங்க. அவர் பாவம், பாலில் ஏதோ குறை சொல்கிறாங்க என்று நினைத்துக்கொண்டு இன்னும் அரை ஆழாக்கு ஊற்றிவிட்டுப் போவார்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நான் பாட்டுக்கு அடுப்படியில் இருந்தேன். நீங்க ஒரு நாள் வகுப்பில் சொன்னீங்களாமே, வாயால் படித்தால் போதாது, வீட்டில் யாரையாவது நோயாளியாகப் படுக்க வைத்து தினமும் பழகணும் என்று. அங்கேதான் ஆரம்பம்.

முதலில் மாமியார்தான் படுத்தாங்க. வயசும் பொருத்தம், ஆசையும் இருந்தது. ஆனா அவங்களுக்குச் சும்மா படுத்திருக்கத் தெரியவில்லை. நிரோஷா புத்தகத்தில் இருக்கிற மாதிரி குனிந்து, ‘யமதா சான், எழுந்துக்கலாமா’ என்று ஜப்பான் பாஷையில் கேட்டால், ‘ஏண்டி, கொழம்புக்குப் புளி கரைச்சு வெச்சாளா அவ?’ என்பாங்க. வலது காலைத் தொட்டால், ‘அந்தக் கால வுடு, இந்தக் காலப் புடி, இதுலதான் கொடைச்சல்’ என்பாங்க. சாதத்தை ஸ்பூனில் ஊட்டினால் துப்பினாங்க. ‘உப்பே இல்ல. இத எந்தக் கெழவிடி தின்னுவா?’ நிரோஷா அழுதே விட்டாள். ‘அம்மா, யமதா சான் இப்படியெல்லாம் பேச மாட்டாங்கம்மா!’ ‘அப்ப அவள வந்து படுக்கச் சொல்லு!’

அப்புறம் ரெண்டு பேரும் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. மாமியார்தான் சொன்னாங்க, ‘இவளப் படுக்க வையி. இவதான் வாயத் தொறக்கமாட்டா.’

அதுக்காகத்தான் என்னை எடுத்தாங்க சென்செய். வாயைத் திறக்கமாட்டேன் என்றுதான். அதை நீங்க ஞாபகத்தில் வைத்துக்கொள்ளணும்.

யமதா என்பது யார், அந்த அம்மா உயிரோடு இருக்கிறாங்களா, எனக்கு ஒன்றும் தெரியாது. புத்தகத்தில் இருக்கிற பேராம். எனக்கு வைத்தாச்சு. முதல் நாள் நானே, ‘யமதா சான் தெஸ்’ என்று சொல்லிவிட்டேன், நான்தான் யமதா என்கிற அர்த்தத்தில். நிரோஷாவுக்குக் கோபம். ‘நம்ம பேருக்கு நாமளே சான் போடக் கூடாது! யமதா தெஸ்னு மட்டும் சொல்லு’ என்றாள். அதுவும் சரிதான். நமக்கு நாமே மரியாதை போட்டுக்கொள்ள முடியுமா? யாராவது போட்டால்தான் உண்டு.

உங்க ஊர் வழக்கம், சரி, ஜப்பான் வழக்கம், ஒன்று இருக்கிறதே, அது எனக்கு முதலில் பிடிபடவே இல்லை. படுத்திருக்கிறவங்களைத் தொடுவதற்கு முன்னால் சொல்லணும். நின்றபடி சொல்லக் கூடாது, முட்டி போட்டு, அவங்க கண்ணுக்கு நேராக நம்ம கண் வருகிற மாதிரி இறங்கிச் சொல்லணும். ஷித்சுரேய் ஷிமாஸ், மன்னிக்கணும், இப்போ உங்க தோளில் கை வைக்கப் போகிறேன் என்று. வலிக்கிறதா, இதாய் தெஸ் கா, என்று கேட்கணும். கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரைக்கும் கையை எடுத்துக்கொண்டு நிற்கணும். கேட்பது பெரிசில்லை, நிற்பதுதான் பெரிசு என்று நீங்க சொன்னீங்களாம்.

முதல் தடவை அவள் அப்படி என் முன்னால் முட்டி போட்டதும் நான் பதறி எழுந்துவிட்டேன். நாத்தனார் தரையில், நான் கட்டில் மேல்! ‘படுடி!’ என்று ஒரு அதட்டல். அப்புறம் உடனே குரலை மாற்றி, ‘யமதா சான், ஷித்சுரேய் ஷிமாஸ்.’ எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தினமும் மத்தியானம், பாப்பா தூங்குகிற நேரம். எனக்கு எவ்வளவு வேலை தெரியுமா அப்போ? துணி கிடக்கும், பாத்திரம் கிடக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கட்டையாகப் படுக்கணும். இவ இழுக்கிற இழுப்புக்கெல்லாம் ஈடு கொடுக்கணும். ‘மிகி’ என்றால் வலது, ‘ஹிதாரி’ என்றால் இடது, ‘யுக்குரி’ என்றால் மெதுவாக. எனக்கு இதெல்லாம் எதுக்கு? நானா ஜப்பான் போகப் போகிறேன்? எரிச்சலாகத்தான் இருந்தது. அதனாலே என்ன செய்வேன், விடிகிறதுக்கு முன்னாடியே எழுந்து துணியை முடித்துவிடுவேன். பதினொரு மணிக்கெல்லாம் சமையலை இறக்கிவிடுவேன். தலையை வாரி, முகம் கழுவித் தயாராக இருப்பேன். அவ வந்து, ‘என்னா, ரெடியா’ என்று கேட்கிறதுக்குள்ளே பாயை உதறிக் கட்டிலில் போட்டுவிடுவேன். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் முடியும் இல்லையா, அதுக்குத்தான்.

ஒரு நாள் அவளுக்குத் தலைவலி, இன்றைக்கு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள். நான் போய், ‘பரவால்ல, கால் மட்டுமாவது பழகிடு, மறந்துடும்’ என்றேன். பாருங்க, அவ படிப்பு மேல் எனக்கு எவ்வளவு அக்கறை! பொறாமை பிடித்தவளாம் நான். மாமியார் சொல்கிறாங்க.

கால் என்றதும் ஞாபகம் வருகிறது. இருங்க, இவ உங்க ஸ்டேப்ளரை எடுக்கிறாள். தா அம்மு, தா. ம், தூக்கட்டுமா? தூக்கட்டுமா? கை நீட்டுறியா? சரி வா.

அந்தக் காலைக் கழுவுகிற பாடம் இருக்கிறதே. வெந்நீர் வைத்து, அதில் பாதத்தை ஊற வைத்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, துண்டால் ஒற்றி. அதுக்கு மாமியார் ஆடிவிட்டாங்க. ‘நான் பெத்த பொண்ணு, வந்தவ காலக் கழுவறதா? என்னாடி படிப்பு இது, எந்த சாதி சனத்துல உண்டு இது?’ நிரோஷா விடவில்லை. ‘பரீட்சைல இது கேப்பாங்கம்மா.’ ‘அப்ப கதவ மூடிக்கினு கழுவு. அக்கம்பக்கத்துல பாத்தா நான் தூக்குல தொங்கணும்.’ கதவை மூடினோம். மாமியார் வெளியே வாசலில் காவல். யாராவது வந்தால், ‘உள்ள டியூசன் நடக்குது’ என்பாங்க.

என் குதிகால் வெடிப்பு வெடிப்பாக இருக்கும் சென்செய், வயல் தண்ணியில் நின்ற கால். இன்னொருத்தர் கை படுகிறதே என்று ராத்திரியில் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டு படுத்தேன். அவளுக்குக் குத்தக் கூடாது என்றுதான். அவ நல்லாத்தான் கழுவுவாள். சூடு சரியா என்று கேட்பாள், நிற்பாள். நான் தைஜோபு என்பேன். அப்புறம்தான் தண்ணியை ஊற்றுவாள். எல்லாம் முடிந்ததும் தலையைக் குனிந்து நன்றி சொல்லுவாள், ‘அரிகாதோ கொசாய்மாஸ், யமதா சான்.’

சொல்லி முடித்து எழுந்து நிற்பாள். நின்ற உடனே, ‘இந்தா, அந்த பேசின் தண்ணிய எடுத்துப் போய் ஊத்திட்டு வா.’

என் கால் கழுவின தண்ணியை நானே தூக்கிக்கொண்டு போவேன். அதிலே எனக்கு வருத்தம் இல்லை. வேறு யார் ஊற்றுவாங்க?

இப்போ வலி விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா ஆபரேஷனில் பிறந்தவள். முதுகில் ஊசி போட்டாங்க இல்லையா, அந்த இடம். அன்றையிலிருந்து இருக்கிறது. குனிந்து குடம் தூக்கினால் ஒரு வெட்டு வெட்டும், அப்படியே மூச்சு நின்று வரும். வீட்டுக்காரரிடம் சொன்னேன், ‘தைலம் தேச்சுக்கோ’ என்றார். மாமியாரிடம் சொன்னேன், ‘ஊர்ல எல்லாரும்தான் பெத்தாளுங்க’ என்றாங்க. நிரோஷா நர்ஸ் படித்தவள், அவளிடமும் சொன்னேன். ‘அது வாயு. கிழங்கு சாப்பிடாத’ என்றாள். கிழங்கை நான் எங்கே சாப்பிட்டேன்? அவங்க சாப்பிட்டு மிச்சம் இருந்தால்தானே. அப்புறம் சொல்கிறதை விட்டுவிட்டேன்.

ஆனா பழகும்போது மட்டும் தினமும் கேட்பாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறபோது முதுகுக்குப் பின்னால் கை கொடுப்பாளே, அப்போ. ‘யமதா சான், இதாய் தெஸ் கா?’ நான் தைஜோபு தெஸ் என்று சொல்லணும், அதுதான் பாடம். சொல்லிவிடுவேன். வலித்தாலும் தைஜோபு, வலிக்காவிட்டாலும் தைஜோபு. பதில் சொல்ல எனக்குத் தெரிந்தது அந்த ரெண்டு வார்த்தைதான். இதாய், தைஜோபு. அதிலும் ஒன்றைத்தான் சொல்லலாம்.

பேட்டி அன்றைக்குக் காலையில் வீட்டில் ஒரே அமர்க்களம். வீட்டுக்காரர் வண்டி ஓட்டப் போகவில்லை. மாமியார் கோழியையெல்லாம் கூடையில் போட்டு மூடி, அது மேல் தானே உட்கார்ந்துகொண்டாங்க, கத்தக் கூடாது என்று. நான் நரைத்த பாட்டி மாதிரி தெரியணும் என்று நிரோஷா என் தலையில் பவுடர் கொட்டினாள். போனில் அந்த அம்மா வந்தாங்க, ஹிரானோ சான். சாம்பல் கலர் கோட்டு. நீங்க பக்கத்துக் கட்டத்தில். நிரோஷாவுக்கு வணக்கம் சொன்னாங்க. அப்புறம், கவனிச்சீங்களா சென்செய், எனக்கும் தலை குனிந்து வணக்கம் சொன்னாங்க. யமதா சான் என்று. நான் படுத்த வாக்கில் என்ன செய்வேன்? போர்வைக்குள்ளே கையைக் கூப்பினேன்.

முதல் தடவை அவ நல்லாத்தான் செய்தாள். கேட்டாள், நின்றாள், தூக்கினாள். பாதியில் சிக்னல் போய்விட்டது. படம் அப்படியே நின்றுவிட்டது, நாங்க தெரியலையாம், மறுபடி செய்யச் சொன்னீங்க. செய்தாள். மறுபடியும் நின்றது. வீட்டுக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓட, மாமியார் கூடை மேலிருந்தே, ‘அந்த ஆன்டனாவ ஆட்டுடா’ என்று கத்த, எந்த ஆன்டனா? மூன்றாவது தடவை நிரோஷாவுக்கு அவசரம் வந்துவிட்டது. வேர்த்து ஊற்றுகிறது. ‘இதாய் தெஸ் கா’ என்று கேட்டாள். கேட்ட கையோடு தூக்கிவிட்டாள். நிற்கவில்லை. கை நேராக அந்த இடத்தில் பட்டது. கொக்கி போட்டு இழுத்த மாதிரி இருந்தது.

‘இதாய்!’ என்று கத்திவிட்டேன்.

வலித்தால் அம்மா என்றுதானே வரணும்? மாமியார் இன்றைக்கு வரைக்கும் அதைத்தான் கேட்கிறாங்க. ‘வலிச்சா அம்மான்னு கத்த வேண்டியதுதானே? ஒன்ன எவ ஜப்பான்ல கத்தச் சொன்னா?’ நியாயமான கேள்விதான். அம்மா என்று கத்தியிருந்தால் அந்த ஹிரானோ அம்மாவுக்கு என்ன புரிந்திருக்கும்? ஏதோ தமிழில் பேசுகிறாள் என்று விட்டிருப்பாங்க. என் நாக்கு சதி பண்ணிவிட்டது சென்செய். தினமும் அந்தக் கட்டிலில் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, அங்கே படுத்தால் அதுதான் வருகிறது. சத்தியமாக நான் வேண்டும் என்று செய்யவில்லை.

நிரோஷா என்ன செய்திருக்கணும்? சுமிமாசென், மன்னிச்சிடுங்க, என்று சொல்லிக் கையை எடுத்து, முட்டி போட்டுக் கேட்டிருக்கணும். அவளுக்கு அது நல்லாத் தெரியும். தூக்கத்தில் எழுப்பினால்கூடச் சொல்லுவாள். ஆனா பயத்தில் அவளும் என்ன செய்வாள்? போனைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லுக்குள்ளே, ‘நடிக்காத, எந்திரி’ என்றாள்.

அந்த அம்மா உங்களிடம் என்னவோ கேட்டாங்க. நீங்க என்னவோ சொன்னீங்க. என்ன சொன்னீங்க சென்செய்? அன்றையிலிருந்து கேட்கணும் என்று இருந்தேன்.

அப்படியேவா? அவ சொன்னதை அப்படியே சொல்லிட்டீங்களா? ‘நடிக்காத’ என்பதுக்கு அங்கேயும் வார்த்தை இருக்கிறதா! கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாமே. நம்ம பொண்ணு ஒருத்திக்கு வேலை. இல்ல, உங்களைக் குறை சொல்லவில்லை. பொய் சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்காது. எனக்கு மட்டும் வருமா என்று யாரும் கேட்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் அந்த அம்மா என்னைப் பார்த்தாங்க. போனுக்குக் கிட்டே வந்தாங்க. முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ‘யமதா சான், இதாய் தெஸ் கா?’ என்று கேட்டாங்க.

கேட்டுவிட்டு நின்றாங்க. பதில் வருகிறவரைக்கும் காத்திருந்தாங்க. நிரோஷா என் கையைக் கிள்ளுகிறாள். டப்பாவுக்குப் பின்னாலே வீட்டுக்காரர் தலையை ஆட்டிச் சைகை காட்டுகிறார், தைஜோபு, தைஜோபு என்று வாயை மட்டும் அசைக்கிறார். அவருக்கும் அந்த வார்த்தை தெரிந்திருக்கிறது பாருங்க. கண்ணில் தண்ணி கொட்டுகிறது, பவுடர் எல்லாம் வழிகிறது. அவ்வளவுதான், பதில் சொல்கிறதுக்குள்ளே சிக்னல் போய்விட்டது.

அன்றையிலிருந்து வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்காரர் ஒரு தடவைதான் சொன்னார், ‘அரை மணி நேரம் பல்லக் கடிச்சிக்கினு இருக்க முடியாதா ஒன்னால? பெத்தப்ப கத்தாத கத்தா?’ மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டாங்க, என் பொண்ணு வாழ்க்கையை வந்தவ கெடுத்துட்டா என்று. நிரோஷா புத்தகத்தைத் தொடுவதே இல்லை. மத்தியானம் ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு போன் பார்க்கிறாள். இப்போ ‘இந்தா’ என்றுகூடக் கூப்பிடுவதில்லை. சும்மா டம்ளரைத் தரையில் தட்டுகிறாள். எனக்கு மத்தியானத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. சமையல் பதினொரு மணிக்கே ஆகிவிடுகிறது. பழகின கை, நிறுத்த முடியவில்லை. பாயை உதறிக் கட்டிலில் போட்டுவிட்டு, அப்புறம் நானே மறுபடி சுருட்டி வைக்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? ஒருவேளை அவங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நிரோஷா மறுபடி பேட்டி கொடுக்கலாம் இல்லையா? அப்போ எல்லாத்தையும் முதலிலிருந்து பழகணுமா? காலைக் கழுவுகிறதெல்லாம்? என்னையே வைத்துப் பழகலாமா, இல்லை ஆளை மாற்றணுமா? இன்னும் ஆறு மாசம் பழகணுமா? ஓ. இல்ல, சும்மாதான் கேட்டேன். எதுக்கு அப்படிப் பார்க்கிறீங்க?

சேச்சே. அவ போகணும் சென்செய். அவ போனால்தான் வீட்டுக்கு ஒரு வழி பிறக்கும். அவ நல்லாப் பார்த்துப்பாள். அந்த ஊர்க் கிழவிங்களுக்கு அவ கை பழகிவிடும். என்னைக் கேட்டால், அந்த மத்தியான நேரத்து நிரோஷா அவ்வளவு நல்ல பொண்ணு. ‘நடிக்காத’ என்று சொன்னதைப் பற்றி அந்த அம்மா கேட்டாங்க என்றால், அது கோபத்தில் சொன்னதில்லை என்று சொல்லிவிடுங்க. எங்க வீட்டில் நான் எங்கே வலிக்குது என்று சொன்னாலும் எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க, வழக்கமாகச் சொல்கிற வார்த்தை, பெரிதாக எடுத்துக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்க.

மணி ஆகிவிட்டதா? பாப்பாவைக் கொஞ்சம் வைத்துக்கிறீங்களா? வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும், அவங்க பார்த்தால் பார்க்கட்டும். இன்றைக்குப் பவுடர் இல்லை, இளசாகத் தெரிவேன், யார் என்று கேட்கப் போறாங்க.

பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே சொல்லிப் பார்த்தேன். தைஜோபு தெஸ், தைஜோபு தெஸ். சொல்லிவிட்டால் முடிந்தது. அவ ஜப்பான் போவாள், நான் அடுப்படிக்குப் போவேன். ஆனா அந்த அம்மா கேட்டுவிட்டு நிற்பாங்களே. அதுதான் பயமாக இருக்கிறது. சட்டென்று கேட்டுச் சட்டென்று போகிறவங்களிடம் எதையும் சொல்லிவிடலாம் சென்செய். நிற்கிறவங்களிடம் எப்படிச் சொல்வது? இதாய் என்று உண்மையைச் சொன்னால் நிரோஷா கதை முடிந்தது. அவ கையால்தான் வலித்தது என்று ஆகிவிடும். அதுவும் பொய்தானே? அவ கை வைத்ததால் வந்த வலியா அது? வலிக்கிற இடத்தில் அவ கை பட்டது, அவ்வளவுதான். குடம் தூக்கும்போதும் வலிக்கிறது, இவளைத் தூக்கும்போதும் வலிக்கிறது. அந்த மூன்றாவது தடவையும் அதே வலிதான். இந்த ரெண்டு வார்த்தையை மட்டும் கொடுத்துவிட்டு என்னைச் சொல்லச் சொன்னால் நான் எதைச் சொல்லுவேன்? எதைச் சொன்னாலும் பொய்.

எனக்கு இன்னும் ஒரு வார்த்தை வேணும். முன்னாடியிலிருந்தே என்பதுக்கு அங்கே என்ன சொல்லுவாங்க? அவ தூக்குவதற்கு முன்னாடியிலிருந்தே. ரொம்ப நாளாகவே.

மாயெ காரா?

மாயெ... காரா. ரெண்டு வார்த்தையா, ஒன்றா? ரெண்டு. சரி. மாயெ காரா இதாய் தெஸ். சரியா வருகிறதா? மாயெ காரா இதாய் தெஸ். நடுவில் வேற ஒன்றும் போட வேண்டாமா? அப்படிச் சொன்னால் நிரோஷா மேல் தப்பில்லை என்று ஆகிவிடுமா? ஓ, அதை அவங்கதான் முடிவு பண்ணணுமா? பண்ணட்டும். நான் பொய் சொல்லவில்லை இல்லையா, அது போதும். கீழே ரெண்டு பேரும் என்னைக் கொன்றே போடுவாங்க. அது அப்புறம் பார்த்துக்கலாம்.

போன் அடிக்கிறதே, அவங்கதானா? இருங்க இருங்க, முந்தானையைச் சரி பண்ணிக்கிறேன். மாயெ காரா, மாயெ காரா. எடுங்க சென்செய். ஒன்று மட்டும். எனக்குப் பதிலாக நீங்க சொல்லிடாதீங்க. நான் வாயைத் திறக்கக் கொஞ்சம் நேரம் ஆனாலும் சொல்லிடாதீங்க. அவங்க நிற்பாங்க.